மஞ்சள் கயாக்கின் அடியில்

1

இன்று காலை என் கைப்பேசி தானாகவே ஒரு படத்தை எடுத்துக் காட்டியது. ‘ஒரு வருடத்துக்கு முன் இதே நாள்’ என்று மேலே எழுதியிருந்தது. மஞ்சள் கயாக்கில் என் மகள் யாழினி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் துடுப்பு. தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பின்னால் கடல், பரம்படித்து நாற்றுக்குத் தயாராக வைத்த வயல் மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கிறது.

அந்தப் படம் எடுத்து இருபது நிமிடத்தில் நடந்தது படத்தில் இல்லை. கூர்ந்து பார்த்தால் கயாக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீலக் கயிறு தண்ணீருக்குள் இறங்குவது மட்டும் தெரியும். அந்தக் கயிற்றைக் கட்டியவள் நான்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் இதைப் பற்றி ஒருமுறையாவது கேட்டுவிட்டார்கள். தம்பி செந்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்லச் சுறாவும் வளர்ந்துகொண்டே போய், இப்போது எட்டு மீட்டரில் நிற்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்குக் கீழ்வேளூர்ப் பக்கம். நாகப்பட்டினத்துக் கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் கடல் பழக்கம் கிடையாது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர். முழங்கால் வரை இருக்கும், மிஞ்சினால் இடுப்பு வரை. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தவர்கள். பிறகு அப்பா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்குப் பிடித்தார். பத்தாவது படிக்கிற வரைக்கும் சனி ஞாயிறுகளில் நானும் அறுப்புக்குப் போயிருக்கிறேன். சுனாமியின்போது எங்கள் ஊருக்கு அலை வரவில்லை. சேதிதான் வந்தது. அதன்பிறகு கடற்கரைக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுத்ததே இல்லை.

அப்படிப்பட்டவள் நான் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவருக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அவர் இல்லாத வாரங்களில் வீட்டில் நானும் யாழினியும் மட்டும்.

மீன்பிடிக்கிற பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவள் ஜேனட். அதே பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரி, ஏறக்குறைய என் வயது. புதுக் கயாக் வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினாள். கயாக் என்றால் ஒருவர் மட்டும் போகிற சின்னப் படகு. இது பிளாஸ்டிக்கால் ஆனது. மேலே உட்கார்ந்து, இருபக்கமும் தட்டையான துடுப்பால் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கவிழ்ந்தாலும் மூழ்காது. முதல் மூன்று மாதம் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டவில்லை நான். நான்காவது மாதம் ஒரு ஸ்னாப்பர் மீன் மாட்டியது. சிவப்பும் வெள்ளியுமாக, இரண்டு கிலோ இருக்கும். அது தூண்டிலை இழுத்த இழுப்பில் படகே திரும்பியது. அன்றோடு பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் செந்தில் கேட்டான்: “ஏன்க்கா, அங்க கடையில மீனு விக்க மாட்டாங்களா?”

“விக்கிறாங்கடா.”

“அப்பறம் என்ன? வாங்கித் தின்னுட்டுப் பேசாம இரேன்.”

அவனுக்கு எப்படிச் சொல்வது? நான் கடலுக்குப் போக ஆரம்பித்தது மீனுக்காக. தொடர்ந்து போனது மகளுக்காக.

யாழினிக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் யாஸ். அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நான் தமிழில் ஒரு வரி கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த படிவம் ஒன்றைப் பார்த்தேன். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“அம்மா, நீ தமிழ்ல கேக்குற. நான் இங்கிலீஷ்ல ஆன்சர் பண்றேன். ஒரு லைன்தான் இருக்கு. எதை எழுதறது?”

அதையாவது தமிழில் சொன்னாளே என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அப்படி இருந்தவள், ஒரு சனிக்கிழமை சலிப்புத் தாங்காமல் என்னோடு கடலுக்கு வந்தாள். அடுத்த வாரமும் வந்தாள். அவளுக்கென்று ஒரு மஞ்சள் கயாக் வாங்கினோம். கடலில் போனுக்குச் சிக்னல் கிடையாது, சாத்திக்கொள்ள கதவும் கிடையாது. பத்தடி தள்ளித் தள்ளி மிதந்துகொண்டிருந்தால் எப்படியும் பேச்சு வந்துவிடும். யாரோடு சண்டை, எந்த ஆசிரியரைப் பிடிக்காது, என்ன படிக்கலாம் என்று எல்லாம் எனக்குத் தெரிந்தது கரையிலிருந்து நானூறு மீட்டர் தள்ளித்தான்.

3

அன்று காலை ஏழு மணி இருக்கும். காற்றே இல்லை. கரைக்குப் பக்கத்தில் பாறைகள் கிடக்கிற இடம் ஒன்று உண்டு, மீன் அங்கேதான் ஒதுங்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் மணலில் விழுந்த வெயிலின் வரிகள் ஆடுவது தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் மூன்று ஸ்னாப்பர் பிடித்துவிட்டோம். அப்போதுதான் பார்த்தேன், மீன் பெட்டிக்கு ஐஸ் எடுத்து வரவில்லை. வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். அப்பா விரால் பிடித்தால் செவுளில் கயிறு கோத்து வாய்க்கால் தண்ணீரிலேயே போட்டு வைப்பார், மாலை வரைக்கும் உயிரோடு கிடக்கும். நானும் அப்படியே செய்தேன். மூன்று மீனையும் நீலக் கயிற்றில் கோத்தேன். என் கயாக்கின் பின்பக்கம் பெட்டியும் தூண்டில் கம்பிகளுமாக இடமில்லாமல் இருந்தது. யாழினியின் கயாக்கில் கட்டி, மீனைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டேன்.

ஜேனட் முதல் நாளே சொல்லியிருந்தாள், பிடித்த மீனைக் கடலில் தொங்கவிடாதே, அது சுறாவுக்குப் பத்திரிகை வைத்து அழைக்கிற மாதிரி என்று. நான் தலையாட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் கயிற்றைக் கட்டியபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் நான் இருந்தது வாய்க்காலில்.

நான்காவது மீன் எனக்கு மாட்டியது. சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பாரம் சட்டென்று குறைந்தது. மேலே வந்தது தலை மட்டும். கத்தியால் நறுக்கியது போல் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

யாழினி எட்டிப் பார்த்துவிட்டு, “யாரோ டாக்ஸ் கலெக்ட் பண்ணிட்டாங்க” என்று சிரித்தாள். பிடித்த மீனில் பாதியைச் சுறா எடுத்துக்கொண்டால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாறை இடுக்கில் இருக்கும் சின்னச் சுறாவாக இருக்கும் என்று நானும் சிரித்தேன். ஆனாலும், “போதும் பாப்பா, கிளம்பலாம்” என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அப்போது என் படகுக்கு அடியில் மணல் கறுத்தது.

மேக நிழல் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை.

குனிந்து பார்த்தேன். நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. நகர நகர அதற்கு உருவம் வந்தது. முதலில் தலை. கூராக இல்லை, மழுங்கலாக, ஒரு கதவு அகலத்துக்கு. பிறகு இரண்டு பக்கமும் விரிந்த செட்டைகள். பிறகு உடம்பு. அது முடியும் முடியும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறது. விலாவில் பட்டை பட்டையாகக் கோடுகள். மணலில் ஆடிய வெயில் வரிகளும் அந்தக் கோடுகளும் ஒரே மாதிரி இருந்ததால்தான் அவ்வளவு பெரிய உடம்பு அதுவரை கண்ணுக்குப் படவில்லை. வயிற்றுக்குக் கீழே இரண்டு சின்ன மீன்கள் அதோடு ஒட்டிக்கொண்டு, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் மாதிரி போய்க்கொண்டிருந்தன. வால் ஒரு பக்கமாகச் சாவதானமாக வளைந்து மறுபக்கம் வந்தது. அவசரம் என்பதே அதனிடம் இல்லை. என் கயாக்கைவிட ஒரு முழம் நீளம் இருந்தது.

பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் உண்மை. வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியுமா என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் தலையில் இல்லை.

அது என்னைத் தாண்டி மஞ்சள் கயாக்கை நோக்கித் திரும்பியபோதுதான் கயிறு என் நினைவுக்கு வந்தது.

மூன்று மீன்களும் யாழினியின் முதுகுக்குப் பின்னால், ஒரு கை நீளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. சுறா அவற்றை ஒருமுறை சுற்றியது. மூக்கால் தொட்டது. லேசாகத் தொட்டதற்கே மஞ்சள் கயாக்கின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, படகு பாதி திரும்பிவிட்டது.

“அம்மா” என்றாள் யாழினி. மூன்று வயதில் கூப்பிட்ட குரல்.

“கயித்த அறு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “ஆறா?”

“அறு. அறு பாப்பா. கயித்த அறு.”

“ஆறு என்னம்மா? வாட் சிக்ஸ்?”

பதினாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் வேலை. ஆனால் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட என் வாயில் இல்லை. ‘கட் பண்ணு’ என்றால் போதும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் நாள் முழுக்கச் சொல்கிற சொல் அது. அதுவும் வரவில்லை. எங்கேயோ அடியிலிருந்து அந்த ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஏறி வந்தது. அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வேலை எதையும் நான் அவளுக்குக் கொடுத்ததில்லை.

துடுப்பை மடியில் போட்டேன். இடது கையால் இல்லாத ஒரு பிடி கதிரைப் பிடித்தேன். வலது கையை அரிவாள் போல் வளைத்து என் பக்கமாக இழுத்தேன். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் காட்டினேன். மறுபடி பிடித்து, மறுபடி இழுத்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மிதவைச் சட்டையில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். மெதுவாக உடம்பைத் திருப்பினாள். கையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு, கயாக்கில் முடிச்சுப் போட்டிருந்த இடத்தில் ஒரே இழுப்பில் அறுத்தாள்.

கயிறும் மீனும் கீழே இறங்கின. சுறா திரும்பியது. அதைப் பாய்ச்சல் என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தது, மூடியது. மூன்று மீனும் கயிறும் இல்லை. மேலே ஒரு துளி தெறிக்கவில்லை. நான்கைந்து செதில்கள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு மெல்லக் கீழே போயின.

பிறகு அது மேலே ஏறி வந்தது. இந்த முறை என் பக்கமாக.

முதுகுச் செட்டை தண்ணீரைப் பிளந்துகொண்டு என் முழங்கையை ஒட்டிப் போனது. அதன் நுனியில் ஒரு பழைய வெட்டு ஆறியிருந்தது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். தலை என்னைக் கடக்கும்போது கண்ணைப் பார்த்தேன். உருண்டையாக, பெரிதாக, கறுப்பாக இருந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கத் திரும்பியது. கோபம் இல்லை அதில். என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தது, பார்த்து முடித்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டிருக்கிற ஒரு உலகத்தின் வாசலில் நிற்பது போல் இருந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு. கைகள் துடுப்பை விட மறுத்தன.

ஆழத்தில் இறங்கி, வரிகள் வெயிலோடு கலந்து, அது காணாமல் போனது.

யாழினியின் கயாக்கைப் பிடித்து என்னுடையதோடு சேர்த்துக்கொண்டேன். இருவரும் கரைக்குத் தள்ளினோம். மணல் தட்டியதும் இறங்கி, இரண்டு கயாக்கையும் மேலே இழுத்துப் போட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயம் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நம்மள ஒண்ணுமே பண்ணல, இல்லம்மா?”

“இல்ல.”

“பண்ணியிருக்கலாம்.”

“ம்.”

“எவ்ளோ அழகா இருந்துச்சு” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

4

சுறாவைப் பார்த்தால் தெரிவிக்க இங்கே ஒரு எண் இருக்கிறது. கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வகை, எத்தனை மீட்டர். கோடுகள் இருந்தனவா என்றாள். இருந்தன என்றேன். புலிச்சுறா என்று குறித்துக்கொண்டாள். கடைசியில் குடும்பப் பெயர் கேட்டாள்.

நம்மில் யாருக்குக் குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுத்தபோது என் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் வங்கி, வரி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நான் மலர்விழி இல்லை, கலியமூர்த்திதான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் எழுதிவிட்டுத் திரும்பப் படித்துக் காட்டினாள்: கலியமூர்த்தி, காலை எட்டரைக்கு, கரையிலிருந்து நானூறு மீட்டரில், நான்கு மீட்டர் நீளப் புலிச்சுறா ஒன்றைப் பார்த்தார்.

வேளாங்கண்ணிக்கு வந்த உறவினர்களுக்குத் துணையாகப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பியவர் என் அப்பா. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. “சரிதானே?” என்று அந்தப் பெண் கேட்டாள். சரி என்றேன்.

சரியில்லாதது வேறொன்று இருந்தது. அன்று முழுக்க யாழினி எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். வடக்கே வேலையிலிருந்த தன் அப்பாவிடம் போனில், அம்மா மட்டும் சொல்லலைன்னா எனக்கு அந்தக் கயிறு ஞாபகத்துக்கே வந்திருக்காது என்றாள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்டேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

“பாப்பா, அந்த மீன உன் கயாக்ல கட்டுனது என் தப்பு. அப்படிக் கட்டக்கூடாதுன்னு ஜேனட் சொல்லியிருந்தா. தெரிஞ்சும் கட்டுனேன். அதான் அது உன்கிட்ட வந்துச்சு.”

அவள் படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“தெரியும்மா.”

“எப்படி?”

“ஸ்கூல்ல கயாக் சேஃப்டி சொல்லிக்குடுத்தாங்க. நீ கட்டும்போதே பாத்தேன். சொல்லலாமான்னு யோசிச்சேன். நீ ரொம்ப ஹேப்பியா இருந்த, தாத்தா இப்படித்தான் விரால் கட்டுவாருன்னு சொல்லிக்கிட்டே கட்டுன. அதனால சொல்லல.”

நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. எத்தனை தடவை இப்படி என் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்பதும் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமே தப்பு செய்திருந்தோம், இரண்டு பேருமே உயிரோடு இருந்தோம். கதவு அன்று திறந்தே கிடந்தது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் கடலுக்குப் போனோம். போகலாமா வேண்டாமா என்று நான்தான் இழுத்தேன். “அது அங்கதான் இருக்கும்மா. எப்பவுமே அங்கதான் இருந்திருக்கு” என்றாள். அன்றும் மூன்று மீன் பிடித்தோம். ஐஸ் நிறைய எடுத்துப் போயிருந்தேன்.

5

டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். செந்திலின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. தாய்ப்பால் ஊறுவதற்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் பிறந்தபோது அம்மாவும் சாப்பிட்டிருக்கிறாள், யாழினியை வயிற்றில் சுமந்துகொண்டு ஊருக்கு வந்து அவளைப் பெற்றெடுத்தபோது நானும் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காலை வரைக்கும் சுறா என்றால் எனக்கு அவ்வளவுதான். உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கிய வெள்ளைப் புட்டு.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டு வருகிற ராஜாத்தி அக்கா வாசலில் அலுமினிய அன்னக்கூடையை இறக்கினார். முழங்கை நீளத்தில் இரண்டு பால்சுறா. யாழினி குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு விரலை நீட்டினாள்.

“தொடலாமா?”

“தொடு பாப்பா” என்றார் ராஜாத்தி அக்கா. “தலையிலேருந்து வாலுக்குத் தடவு, வழவழன்னு இருக்கும். திருப்பித் தடவுனீன்னா உப்புத்தாளுதான்.”

இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். அதன் கண்ணையும் பார்த்தாள்.

“இந்தப் புள்ளதான் பெரிய சுறாவப் பாத்துச்சாமே. உங்க மாமா சொன்னாரு, எட்டு மீட்டராம்ல” என்றார் ராஜாத்தி அக்கா.

“எட்டு இல்ல ஆன்ட்டி. நாலு.”

“நாலுன்னா எம்மாத்தம்?”

யாழினி எழுந்தாள். தெருவில் இறங்கி, மண்ணில் குதிகாலால் ஒரு கோடு கிழித்தாள். அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்து, அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு கோடு கிழித்தாள். “இங்க தலை. அங்க வால்” என்றாள். பிறகு தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். திக்கித் திக்கி, பாதி ஆங்கிலத்தில், சொல் கிடைக்காத இடத்தில் கையைக் காட்டி. தண்ணீர் எப்படி இருந்தது, கோடுகள் எப்படித் தெரியாமல் இருந்தன, வாய் எப்படிச் சத்தமில்லாமல் மூடியது. யாரும் அவளைத் திருத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செந்திலும் வெளியே வந்து நின்றான்.

அவள் முடித்ததும் ராஜாத்தி அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். “அது உன்னப் பாத்துச்சா?”

“அம்மாவப் பாத்துச்சு.”

ராஜாத்தி அக்கா என் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரரு முப்பது வருசமா கடலுக்குப் போறாரு” என்றார். “ஒரே ஒருவாட்டி அந்த மாதிரி ஒண்ணு படகுக்குப் பக்கத்துல வந்துட்டுப் போச்சாம். அன்னிக்கு வலையே எறக்காம திரும்பி வந்துட்டாரு. என்னங்க, மீனு இல்லையான்னு கேட்டேன். சாப்பாட்டப் போடுன்னாரு. அவ்ளோதான். இன்னி வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல.”

இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடந்த வெறும் மண்ணையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவின் அந்தக் கோடியிலிருந்து, ஒரு கட்டு வைக்கோலைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஒருவர் வந்தார். எங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். எங்களைப் பார்த்தார், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. சைக்கிளைவிட்டு இறங்கி, அந்த நாலு மீட்டரை மிதிக்காமல், ஓரமாகச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்.